ஓரத்தில் ஒரு தூசி

செல்போன் கடையில் அவளை எல்லோரும் கண்ணாடிக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவள் அல்ல. போனின் முகத்தில் மெல்லிய கண்ணாடியை ஒட்டிக் கொடுக்கிறவள். பதினோரு வருடமாக அதே ஸ்டூல், அதே மேசை விளக்கு. பழைய கண்ணாடியை நகத்தால் நெம்பி எடுப்பாள். திரையை ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைப்பாள். வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்து, பொட்டுத் தூசிகூட இல்லை என்று மனசுக்குப் பட்ட பிறகுதான் புதுக் கண்ணாடியை இறக்குவாள். நடுவில் ஒரு விரல் வைத்தால் போதும், தரையில் கொட்டிய தண்ணீர் மாதிரி தானாகப் பரவி ஒட்டிக்கொள்ளும். "எங்க அக்கா ஒட்டின கண்ணாடியில தூசி இருந்தா கடையையே எழுதிக் கொடுத்துடறேன்" என்பார் முதலாளி. இதுவரை யாரும் கடையைக் கேட்டு வரவில்லை.

பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடும் முன் அதன்மேல் 'ஹா' என்று ஊதிப் பார்ப்பது அவள் பழக்கம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மூச்சு பனியாகப் படரும்போது, விரல் தேய்ந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். ஓயாமல் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்குக் கீழே அகலமாக. வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பவர்களுக்கு வலப்பக்கம் நெடுக ஒரு கோடு. இன்னொரு வகையும் உண்டு. கீழே, நட்டநடுவில், நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். ஒரே கட்டைவிரல் ஒரே இடத்தைப் பத்தாயிரம் முறை தொட்ட தடம். சூதாட்ட ஆப்பில் சக்கரத்தைச் சுற்றவிடும் பொத்தான் அங்கேதான் இருக்கும்.

பக்கத்து மேசையில் போன் பழுது பார்க்கிறவன், கையில் சால்டரிங் அயர்ன் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை என்பதால், சால்டர் ஆகிவிட்டான். அந்த வட்டத்துக்குப் பெயர் வைத்தவன் அவன்தான்.

"அக்கா, இன்னைக்கு எத்தனை பௌர்ணமி?"

"ரெண்டு."

"அப்ப ரெண்டு வீட்ல இருட்டு."

இருவரும் சிரிப்பார்கள். போன் கொடுத்தவர் வாசலில் நின்றுகொண்டிருப்பார், ஒன்றும் தெரியாமல்.

ஒருநாள் மதியம் அவள் கணவரே கடைக்கு வந்து நின்றார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது போன் கைநழுவி, கண்ணாடி சிலந்திவலையாகியிருந்தது.

"கொடுத்துட்டுப் போங்க, சாயந்தரம் நானே எடுத்துட்டு வரேன்."

"இல்ல இல்ல. நிக்கறேன். சீக்கிரம் போட்டுக் கொடு."

நின்றார். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். அவள் பழைய கண்ணாடியை எடுத்தாள். கை பழகிய பழக்கம், ஊதினாள். விரிசல்களுக்கு நடுவே முழு நிலா.

கழுத்துக்குப் பின்னால் சால்டரின் மூச்சு கேட்டது. அவனும் பார்த்துவிட்டான். எத்தனை பௌர்ணமி என்று கேட்கவில்லை. திரும்பிப் போய்க் குனிந்துகொண்டான். அவள் புதுக் கண்ணாடியை ஒட்டிக் கொடுத்தாள். பழையதைக் குப்பைக்கூடையில் போடாமல் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஆறேழு மாதம் பின்னோக்கி ஓடியது. குளியலறைக்குள்ளும் போனோடு போவது. வேலையில் கிரீஸ் படுகிறது என்று கழற்றிய மோதிரம் திரும்ப விரலுக்கு வராதது. ஓவர்டைம் உண்டு, அதற்குச் சம்பளம் இல்லை. ஒருநாள் மகளுக்குக் காரணமே இல்லாமல் விலை உயர்ந்த ஷூ. மறுநாள் விளக்கை அணைக்கவில்லை என்று வீடு அதிர ஒரு கத்தல். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தை அவளே தைத்துப் போட்டிருந்தாள். வேலைப்பளு. வயசு. சர்க்கரையாக இருக்குமோ, ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் என்ன என்றுகூட. ஊரார் போனையெல்லாம் படித்தவள் வீட்டில் இருந்த ஒரு போனைப் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் டியூஷனுக்குப் போன பிறகு, அந்தக் கண்ணாடியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஊதினாள்.

"இது என்னங்க?"

முதலில் சிரித்தார். "வேலை டென்ஷன், சும்மா டைம்பாஸ்" என்றார். அவள் மறுபடி ஊதினாள். நிலா மறைய மறைய அவர் முகம் கலைந்தது.

"விட்டதை மட்டும் எடுத்துட்டு நிறுத்திடலாம்னு பார்த்தேன்மா. அவ்வளவுதான். விட்டதை மட்டும்."

கடன் எவ்வளவு என்று கேட்டாள். ஒரு தொகை சொன்னார். அது பாதிதான் என்பது பிறகு தெரிந்தது. குழந்தை மாதிரி அழுதார். இனிமேல் தொட்டால் என்னைக் கேள் என்றார். அவள் தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். கொக்கி பழுது, கடையில் கொடுத்திருக்கிறேன் என்று மகளிடம் சொன்னாள். பிறகு, தன்னைவிடக் கெட்டிக்காரி உலகத்தில் இல்லை என்ற நினைப்பில், ஒரு ஏற்பாடு செய்தாள்.

அவர் போனில் இருப்பது அவள் கையால் ஒட்டிய புதுக் கண்ணாடி. ஞாயிறுதோறும் அவர் குளிக்கப் போகும்போது மட்டும் போன் வெளியே இருக்கும், இப்போதெல்லாம் அதை அவரே மேசையில் வைத்துவிட்டுப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் எடுத்து ஊதுவாள். ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறும் ஒன்றும் இல்லை. ஐந்து ஞாயிறு. பளிங்கு மாதிரி சுத்தம். ஐந்தாவது ஞாயிறு அவள் தன்னையறியாமல் பாட்டு முனகினாள்.

அந்த வாரத்தில்தான் மகள், பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னாள்: "அப்பா திட்டினா பரவால்லம்மா. சிரிச்சாதான் எனக்குப் பயமா இருக்கு."

"லூசு மாதிரி பேசாத. பஸ் போயிடும், ஓடு."

அந்த வாரத்தில்தான் அவரும், தட்டில் கையை வைத்துக்கொண்டு, "நான் இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருப்பீங்கல்ல" என்றார். "சாப்பாடு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள் இவள். சாப்பிட்டார்.

ஆறாவது ஞாயிறு. தண்ணீர் விழும் சத்தம். ஊதினாள். நடுவில் ஒன்றும் இல்லை. கீழே வைக்கப் போனவள் நின்றாள். இடது ஓரத்தில், கண்ணாடிக்கு அடியில், ஒரு தூசி. அதைச் சுற்றி எள்ளளவு காற்றுக்குமிழி.

இது அவள் ஒட்டிய கண்ணாடி இல்லை.

அப்போதுதான் புத்தி வேலை செய்தது. ஒரு மாதம் பழகிய கண்ணாடியில் எழுதிய தேய்மானமாவது இருக்க வேண்டும். எதுவுமே இல்லாமல் பளிங்காக இருந்ததைப் பார்த்துத்தான் அவள் பாட்டுப் பாடியிருக்கிறாள். வாரம் ஒரு கண்ணாடி வாங்கி, சனிக்கிழமையே மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன். குளியலறையில் தண்ணீர் நின்றது. போனை இருந்த இடத்தில், இருந்த கோணத்தில் வைத்தாள்.

திங்கட்கிழமை கடையில் மூன்று கண்ணாடி அடுத்தடுத்து உடைந்தது.

"அக்கா, இது மூணாவது. முதலாளி பார்த்தா பட்டத்தைப் பிடுங்கிடுவாரு" என்றான் சால்டர். அவள் சிரிக்கவில்லை. அவன் அயர்னை அணைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா விஷயமா?"

தலையாட்டினாள்.

"அன்னைக்கு நானும் பார்த்தேன்." கொஞ்ச நேரம் விரல் நகத்தில் ஒட்டிய ஈயத்தைச் சுரண்டினான். "எங்க அண்ணன் போன்லயும் இதேதான். அதனாலதான் பேரு வச்சுக் கிண்டல் பண்றது. சிரிக்காம இருந்தா தாங்காதுக்கா."

கண்ணாடி வந்த அட்டையின் பின்பக்கம் ஒரு நம்பரை எழுதித் தள்ளினான்.

"சூதாட்டத்துல மாட்டினவங்களுக்கான ஹெல்ப்லைன். ஆனா முதல்ல நீங்க பேசுங்க. வீட்ல இருக்கிறவங்களும் பேசலாம். நான் பேசியிருக்கேன்."

"காசு கேப்பாங்களா?"

"பேரு கூடக் கேக்க மாட்டாங்க."

மதியம் சரக்கு அறையில், அடுக்கிய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று கூப்பிட்டாள். எடுத்தது ஒரு பெண். அவசரமில்லாத குரல்.

"என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஒரு பிரச்சனைங்க" என்று ஆரம்பித்தாள். அவளுக்குத் தங்கையே கிடையாது. சங்கிலி, ஞாயிற்றுக்கிழமை, தூசி எல்லாவற்றையும் தங்கை கணக்கில் எழுதினாள். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"சரிம்மா. தங்கச்சி தூங்குறாங்களா?"

"இல்லைங்க."

"நேரத்துக்குச் சாப்பிடறாங்களா?"

"அவ... நான்..." அதற்கு மேல் வரவில்லை. பெட்டியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். மறுமுனையில் ஒரு ஆள் காத்திருப்பது மட்டும் கேட்டது.

"இருக்கேம்மா. மெதுவா பேசுங்க."

பிறகு ஒன்றொன்றாகச் சொன்னாள் அந்தப் பெண். இது திமிரோ கெட்ட புத்தியோ இல்லை, ஆளைப் பிடித்துக்கொள்கிற ஒரு நோய். அது புரியாமல் கடனை அடைத்துக் கொடுத்தால் அடுத்த ஆட்டத்துக்குத்தான் வழி விடும். "கண்ணாடி பார்க்கிற வேலையை விட்டுடுங்க. நீங்க போலீஸ் மாதிரி நின்னா, அவரு ஒளிக்கிறதுலதான் கெட்டிக்காரர் ஆவாரு." புதன்கிழமைகளில் இதில் மாட்டியவர்களின் குடும்பத்தார் மட்டும் கூடிப் பேசுகிற இடம் ஒன்று உண்டு, அவர் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் வரலாம் என்றாள்.

"ஒண்ணு கேக்கணும். உயிரை விட்டுடற மாதிரி ஏதாவது பேசியிருக்காரா?"

தட்டில் இருந்த கை ஞாபகம் வந்தது. சொன்னாள்.

"அப்ப இன்னைக்கே அவர்கிட்ட நேராக் கேளுங்க. சுத்தி வளைக்காம."

"கேட்டா, நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடாதா?"

"ஆகாதும்மா. கேக்க ஒரு ஆள் இருக்குன்னுதான் தெரியும். ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க. பக்கத்துல இருந்தே எங்களைக் கூப்பிடுங்க."

போனை வைத்ததும் கணவரைக் கூப்பிட்டாள். மணி அடித்து நின்றது. மறுபடி. நாலு முறை. அவருக்கு அன்று இரண்டு தெரு தள்ளியிருக்கிற பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் வேலை என்று காலையில் சொன்னது நினைவில் தட்டியது. சால்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, முதலாளியிடம் ஒன்றும் சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கட்டடத்து வாசலில் காவலாளி ஸ்டூலில் இருந்தார்.

"லிஃப்ட்காரரா? கூட வந்தவரு பார்ட்ஸ் வாங்கப் போயிருக்காரு. இவரு மேலதான். நானும் ரெண்டு வாட்டி குரல் கொடுத்தேன், பதிலே இல்ல."

லிஃப்ட் கதவில் மஞ்சள் பலகை தொங்கியது. படியேறினாள். மூன்றாம் மாடியில் யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள். ஐந்தில் ஒரு கதவுக்குள் டிவி சிரித்தது. ஏழில் மூச்சு இரைத்தது, கைப்பிடியைப் பிடித்து நின்றாள். நிற்க முடியாமல் மறுபடி ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவு மூடியிருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். ஒன்பது, மூடி. பத்து, மூடி. பதினொன்று, மூடி. பன்னிரண்டில் திறந்திருந்தது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு செங்குத்தாக நின்றது, நடுவே கம்பிவடங்கள் இறங்கிப் போயின.

"ஏங்க."

அதற்கும் மேலே, மோட்டார் அறைக்குப் போகிற படியில் அவர் உட்கார்ந்திருந்தார். டூல்ஸ் பை திறக்கப்படவே இல்லை. போன் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

"நீ எதுக்கு இங்க வந்த?"

அவள் இறங்கி வரச் சொல்லவில்லை. அவருக்கும் திறந்த கதவுக்கும் நடுவிலிருந்த படியில் உட்கார்ந்தாள். இருட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுத்தி வளைக்காமல் கேட்டாள்.

"செத்துப் போயிடலாம்னு நினைக்கிறீங்களா?"

அவர் கையைப் பார்த்தார். கிரீஸ் ஏறிய ரேகைகளைக் கட்டைவிரலால் தேய்த்தார். ரொம்ப நேரம் தேய்த்தார்.

"ரெண்டு வாட்டி நினைச்சேன். அதுல ஒண்ணு இன்னைக்கு."

அவள் கத்தவில்லை. அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"நான் சொன்ன கடன் பாதிதான்."

"சரி."

"சரியா? திட்ட மாட்டியா?"

"அப்புறம் திட்டறேன். அதுக்கு நீங்க இருக்கணும்ல." கவிழ்ந்த போனை எடுத்தாள். "இந்தக் கண்ணாடி எங்க வாங்கினீங்க?"

அவர் நிமிர்ந்தார். முகம் வெளுத்தது. "பஸ் ஸ்டாப் பக்கத்துல. உனக்கு எப்படி..."

"கேவலமா ஒட்டியிருக்கீங்க. ஓரத்துல தூசி. என் வீட்டுக்காரர் போன்னு வெளியில சொல்ல முடியாது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது அழுகையாகிப் போனது. அவள் நகத்தை ஓரத்தில் கொடுத்து, தூசியோடு சேர்த்துக் கண்ணாடியை உரித்தாள். வாய் தானாக ஊதக் குவிந்தது. ஊதாமல் அதை டூல்ஸ் பைக்குள் போட்டாள்.

"புதுசு போட மாட்டியா?"

"வேண்டாம். இனிமே நான் பார்க்கப் போறதில்ல."

அட்டையை எடுத்தாள். தன் போனில் அந்த நம்பரை அழுத்தி அவரிடம் நீட்டினாள். வாங்கவில்லை. அவளும் கையை இறக்கவில்லை. மணி அடிக்கிற சத்தம் அந்தச் சிமெண்டு மாடியில் பெரிதாகக் கேட்டது. யாரோ எடுத்தார்கள். அப்புறம்தான் வாங்கிக் காதில் வைத்தார்.

சட்டை நுனி அவள் பிடியில் இருந்தது. தொண்டையைச் செருமினார்.

"என் கூட வேலை செய்யறவன் ஒருத்தன்ங்க..." என்றார். "அவனுக்கு ஒரு பிரச்சனை."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மறுமுனையில் என்ன கேட்டார்கள் என்று காதில் விழவில்லை. விழாமலே தெரிந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்லைங்க" என்றார். "அவன் தூங்குறதே இல்லை."