மடித்த இடது கால்

இடது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, அந்தக் காலைச் சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்ட பிறகுதான் எலியேசர் சாவியைத் திருகுவார். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் மட்டும் இந்தச் சடங்கு. முப்பது வருஷம் க்ளட்ச் மிதித்த கால், க்ளட்ச் இல்லாத வண்டியிலும் அதைத் தேடும். ஒருமுறை மேடவாக்கத்தில் க்ளட்ச் என்று நினைத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. பின்னால் வந்த தண்ணி லாரி ஒரு சாண் இடைவெளியில் நின்றது. "அன்னிலேர்ந்து இந்தக் காலை நம்புறதில்ல சார்" என்பார்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் அவருடைய மெக்கானிக் ஷெட். வேலை முடிந்த எந்த வண்டியையும் 'சரியாயிடுச்சு' என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டவர் கிடையாது. பயந்தாங்கொள்ளி, அதனாலேயே வேலை சுத்தம்.

போன மாதம் ஜெயஸ்ரீ டீச்சரின் பழைய ஆட்டோமேட்டிக் வந்தது. இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிய டீச்சருக்குப் பள்ளிக்கூடம் போக அதை விட்டால் வேறு வழியில்லை. ஓடும்வரை ஒழுங்கு, பிரேக் போட்டு நிறுத்தினால் இன்ஜின் அணைந்துவிடும். கடைசியாக அணைந்தது ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேல்.

"வேகமா போசொல்ல இன்ஜினும் கியர் பாக்ஸும் கெட்டியா கை கோத்துக்கும் டீச்சர். நிக்கசொல்ல வுட்டுடணும். இது வுடாம புடிச்சிகினு கீது."

கியர் பாக்ஸையே மாற்றச் சொன்னார்கள் மற்ற மெக்கானிக்குகள். எலியேசர் அந்தப் பிடிக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, வண்டி நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, பிரேக் போட்டு நிறுத்தினார். அணையவில்லை. திரும்ப மாட்டினார், முதல் சிக்னலிலேயே அணைந்தது. ஒயர் முடிகிற இடத்தில் இருந்த சின்ன வால்வை மாற்றினார். மூன்று நாள் உச்சிவெயிலில் ஓட்டியும் பார்த்தார். அப்படியும் சாவியை டீச்சரிடம் கொடுக்காமல் வைத்திருந்தார்.

"நானே ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காருங்கண்ணா" என்றார் டீச்சர். நேராக அதே கேட்டுக்குப் போனார்.

தண்டவாளத்தின் நடுவில் முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. டீச்சரும் பிரேக் போட்டார். எலியேசர் ரயில் வருகிற பக்கம் பார்க்கவே இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டார். வண்டி ஒருமுறை குலுங்கியது. சத்தம் நிற்கவில்லை. ஆட்டோ நகர, வண்டியும் மெல்ல மறுபக்கம் இறங்கியது.

"சரியாயிடுச்சாண்ணா?"

எலியேசர் பக்கத்துச் சீட்டிலும் மடித்தே வைத்திருந்த இடது காலைக் கீழே இறக்கி, கையில் பிடித்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டார்.