சுக்கு மூட்டையை இழுக்காத ரீல்

போன வாரம் கொச்சி மட்டாஞ்சேரியில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். தூண்டில் நூலில் இரைக்குப் பதிலாகக் கட்டும் பெரிய பொய்மீனைத் தூர எறிந்து இழுக்கிற மாதிரி கனத்த ரீல் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். ஆண்பிள்ளை யாராவது கூட வந்திருக்கிறாரா என்று தேடியிருப்பார். ஒருவரும் இல்லை. ரோஸ் நிறத்தில் ஒரு குட்டி ரீலை எடுத்து வைத்து, "சேச்சிக்கு இது மதி, இது போதும். கனமே இல்ல, கை வலிக்காது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் இதே ஊர்க் கிடங்கில் வருஷக்கணக்காகச் சுக்கு புடைத்த கை இது. இதற்கா வலிக்கும்?

"சேட்டா, நான் கேட்டதை எடுங்க" என்றேன். மனசில்லாமல் எடுத்தார். பெட்டியைத் திறந்ததும் கிரீஸ் வாசனை அடித்தது. கூடவே அண்ணன் ஞாபகமும் வந்து தொலைத்தது.

அண்ணனுக்கு முனிசிபாலிட்டியில் வேலை. எங்கள் கிடங்குக்குப் பின்னால் காயலில் இறங்கும் பழைய படகுத்துறை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலோடு அங்கே போய்விடுவான். நான் பை தூக்கிக்கொண்டு கூடப் போவேன். ஒரே ஒரு தடவை எறிந்து பார்க்கிறேன் என்று கெஞ்சுவேன். "பொம்பளைக்கு எதுக்குடி?" என்பான். அதோடு சரி.

ஒரு நாள் பெரிய ரீல் வாங்கினான். எப்படிப் பார்த்து வாங்கினான் தெரியுமா? ஒவ்வொன்றையும் காதருகே வைத்துச் சுற்றி, எது அதிகமாகக் கத்தியதோ அதைத் தூக்கிக்கொண்டு வந்தான், மகராசன்! கிடங்கில் புதுக் கயிறோ கப்பியோ வந்தால் முதலில் சுக்கு மூட்டையில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில், "அரை மூட்டையில மாட்டி இழுத்துப் பாருண்ணா" என்று சொன்னேன்.

"போடி, மீன் என்ன சுக்கா?"

அந்த ஞாயிறே ஒரு செம்பல்லி மீன் கவ்வியது. என்ன இழுப்பு! அண்ணன் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, ரீலுக்குள்ளே பல்சக்கரம் கறகறவென்று நொறுங்கியது. நூல் அறுந்தது. உள்ளங்கை நீளப் பொய்மீனோடு செம்பல்லி போயே போய்விட்டது. அவன் என் பக்கம் திரும்பி, "நீ வாய வெச்ச, போச்சு!" என்று கத்தினான். வீட்டிலும் தெருவிலும் அதையே சொன்னான். அம்மாவும் நம்பினாள். அதன்பிறகு என்னைத் துறைப் பக்கமே விடவில்லை. பிறகு கல்யாணமாகித் திருப்பூணித்துறைக்குப் போய்விட்டேன். அந்தத் துறையிலிருந்து ஒரு தடவையாவது என் கையால் எறிய வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவே இல்லை.

கடைக்காரரிடம், "கனமா ஏதாவது பை இருக்கா?" என்று கேட்டேன். ஈயக்குண்டுப் பை ஒன்றைக் காட்டினார். ரீலைத் தூண்டில் தண்டில் பூட்டி, கொஞ்சம் நூல் ஏற்றி, பையில் மாட்டிச் சுற்றினேன். பை தரையில் ஊர்ந்து வந்தது. ரீல் மூச்சுவிடவில்லை. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

"சேச்சி ஆளு கொள்ளாமல்லோ, கெட்டிக்காரிதான்" என்று கடைக்காரர் சிரித்தார். குரலில் மரியாதை வந்திருந்தது. "எவிட எறியப் போறீங்க? பாறையா, படகா, துறையா? அதுக்குத் தக்க நூல் சுத்தித் தரேன்."

"துறைதான். பழைய சுக்குக் கிடங்குக்குப் பின்னால இருக்கே, அது."

அவர் கை நின்றது. "அது ரிசார்ட் ஆயாச்சே, சேச்சி. மதில் கட்டி அடச்சாச்சு."

தெரியும். வரும் வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ரூம் எடுத்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று வாசலில் காவல்காரன் சொன்னான். அன்றைக்கு அண்ணன் விடவில்லை. இன்றைக்கு யாரோ முகம் தெரியாதவன் காயலையே வளைத்துப் போட்டுக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். பாவிகள்!

"நீங்க சுத்துங்க" என்றேன். என்னையறியாமல் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் சுற்றிக் கொடுத்தார். நல்ல ரீல், எந்தச் செம்பல்லியையும் இழுக்கும். ஆனால் தெருவில் நின்று எவ்வளவு ஓங்கி எறிந்தாலும், பொய்மீன் அவர்களுடைய புல்தரையில்தான் போய் விழும்.