அத்தைக்குச் சுடாது

வீட்டில் சட்டி, விளக்கு என்று மண் வேலை செய்கிறவர்கள் கோட்டை விடுவது காய வைப்பதில்தான். வெளியே காய்ந்த மாதிரி இருக்கும். உள்ளே ஈரம் இருக்கும். அப்படியே நெருப்பில் வைத்தால் வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. எடுத்துக் கன்னத்தில் வைக்க வேண்டும். ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

இதைச் சொல்லிக் கொடுத்தது அத்தை. ஆனால் அவள் தன் கன்னத்தில் வைத்து நான் பார்த்ததில்லை. என் கன்னத்தில்தான் வைப்பாள்.

அவள் அப்பாவுக்கு அக்கா. தேவிகாபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமா செத்த பிறகு ஆரணிக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் அப்போது நாலாவது படித்தேன். எங்கள் தெரு முழுக்கப் பட்டுத் தறி. அத்தையும் கல்யாணத்துக்கு முன்னால் நெய்தவள்தான். அப்பா அவளை ஒரு தறியில் உட்கார வைத்தார். பட்டு அவளிடம் நிற்கவில்லை. அறுந்த இழையை விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். அவளுக்கு அகப்படாது. புடவையில் கோடு விழுந்தது. நெய்யப் பாவு நூல் கொடுத்தவர் புடவையைத் திருப்பி அனுப்பினார்.

"கை மறந்துபோச்சுக்கா உனுக்கு" என்றார் அப்பா.

அடுத்த வாரம் அத்தை ஏரி மண் கொண்டுவந்து கொல்லையில் கொட்டினாள். தேவிகாபுரத்தில் பக்கத்து வீட்டில் சட்டி பானை செய்வார்களாம். கூட உட்கார்ந்து பழகினாளாம்.

பழைய சைக்கிள் சக்கரத்தில் சிமெண்ட் பூசிப் பானை வனையும் திருகை ஆக்கினாள். மண்ணை ஊற வைத்துக் கிழிந்த வேட்டியில் வடிகட்டினாள். மிதித்துப் பிசையும்போது காற்று உள்ளே நிற்கக் கூடாது. நின்றால் அந்த இடம் நெருப்பில் தெறிக்கும். திருகையிலிருந்து விளக்கை அறுத்து எடுக்கப் பட்டு நூல் நல்லது, எங்கள் வீட்டில் கழிவு நூலுக்கா பஞ்சம். செய்ததை வெயிலில் வைக்க மாட்டாள். சும்மா கிடந்த தறியின் குழிக்குள் கவிழ்த்து, மேலே ஈரச் சாக்கு போடுவாள். மெதுவாகக் காய்ந்தால் விரிசல் விடாது. மீறி விரிசல் விட்டால் தண்ணீர் தடவக் கூடாது, அதே மண்ணைக் குழம்பாக்கித் தடவ வேண்டும்.

கார்த்திகைக்குக் கடைத்தெருவில் ஒருவர் அகல் விளக்கு கேட்டார். நன்றாக வந்தால் வருஷா வருஷம் அவளிடமே வாங்குவதாகச் சொன்னார்.

"இது தேறலன்னா நான் வேற எங்கனா போயிட்றேம்மா. சும்மா உக்காந்துகினு எத்தினி நாளு சாப்டறது" என்று அத்தை அம்மாவிடம் சொன்னாள்.

"உங்கள யாரு இப்ப கணக்கு கேட்டாங்க அண்ணி" என்றாள் அம்மா.

சுடுவதற்கு நாள் கிடைப்பதுதான் பேஜார். காலையில் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு இழுத்துக் கட்டுவார்கள். சாம்பல் ஒரு பொட்டு பறந்து விழுந்தாலும் பட்டு போச்சு. அதனால் அமாவாசை அன்றுதான் சுட முடியும், அன்றைக்குத் தறி ஓடாது, பாவும் கிடையாது. அதிலும் இருட்டுவதற்குள் நெருப்பை அணைத்துச் சாம்பலை அள்ளிவிட வேண்டும் என்பது தெருவின் கட்டுப்பாடு.

அமாவாசைக்கு முதல் நாள் எல்லா விளக்கையும் என் கன்னத்தில் வைத்தாள்.

"நெசமா சொல்லு. ஜில்லுனு கீதா?"

"இது கீது. இது இல்ல."

ஜில்லென்று இருந்ததை எல்லாம் ஒதுக்கினாள். மறுநாள் வறட்டி அடுக்கி, விளக்குகளைக் கவிழ்த்து, வைக்கோல் மூடி, மேலே சேறு பூசிப் பற்ற வைத்தாள். முதலில் சிறு தீ, பிறகுதான் பெரிய தீ. ஒன்றும் வெடிக்கவில்லை.

ஆறும் வரை திறக்கக் கூடாது என்பது முறை. எங்களுக்கு அதற்கு நேரம் இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே பிரித்து, கனலுக்குள் கையை விட்டு விளக்குகளை எடுத்து வெளியே வைத்தாள். வெறுங்கை. நான் ஒன்றைத் தொட்டுவிட்டு அலறினேன். அவள் திரும்பிப் பார்த்து, "தொடாதடி, சுடும்" என்றாள். அவள் விரலில் கொப்புளம் எழும்பியிருந்தது. முகம் சுளிக்கவில்லை.

விளக்கு கடைக்குப் போனது. கடைக்காரருக்குப் பிடித்தது. எனக்கு அதைவிட அத்தையின் கைதான் பெரிது. தெருவில் எல்லாரிடமும் சொன்னேன்.

கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நர்ஸ் அம்மா வந்தார். எங்கள் கை, முதுகு எல்லாம் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லிக் கோழி இறகால் தொட்டார். தொட்ட இடத்தை நாங்கள் காட்ட வேண்டும்.

"உனுக்கு நல்லா தெரியுதே" என்றார் என்னிடம்.

"எங்க அத்தைக்குத்தாங்க தெரியாது. நெருப்ப வெறுங்கையில எடுக்கும்ங்க. சுடவே சுடாது."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வீடு எந்தத் தெரு என்று கேட்டார்.

அடுத்த நாள் வந்தார். அத்தையைக் கண்ணை மூடச் சொன்னார். கன்னத்தில் தொட்டார், விரலில் தொட்டார். அத்தை எதையும் காட்டவில்லை. கன்னத்தில் வெளுத்திருந்த இடத்தைத் தேமல் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். தொழுநோய் என்ற சொல்லை அன்று என் எதிரில் யாரும் சொல்லவில்லை. பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரியும்.

அப்பா கேட்டார்: "தெருவுல தெரிஞ்சா?"

"நான் சொல்ல மாட்டேங்க. மாத்திரைய வுடாம சாப்ட்டா போயிடும். சாப்பிட ஆரம்பிச்சா யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது" என்றார் நர்ஸ்.

நர்ஸ் போனதும் அத்தை புடவைகளைப் பையில் திணித்தாள். அம்மா பையைப் பிடுங்கினாள்.

"எங்க போவீங்க? அந்த சிமெண்ட் சக்கரத்த யாரு தூக்கிகினு போறது? உக்காருங்க அண்ணி."

அத்தை உட்கார்ந்தாள். அப்பா போய்த் தறியில் உட்கார்ந்தார்.

மாதாமாதம் மாத்திரை வந்தது. அதைச் சாப்பிட்டு அத்தையின் தோல் கறுத்தது. நான் சொன்னதால்தான் அவளை இப்படிப் படுத்துகிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த கார்த்திகை நெருங்கியது. கையில் துணி சுற்றிக்கொள்ள வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பழக்கம் போகவில்லை. அமாவாசை சாயங்காலம் சூளையைப் பிரித்து, வெறுங்கையை விட்டு ஒரு விளக்கை எடுத்தாள். "ஐயோ" என்று கத்தினாள். விளக்கு விழுந்து உடைந்தது.

அம்மா ஓடி வந்தாள். "இன்னா அண்ணி?"

"சுடுதும்மா."

அம்மா அவள் கையைப் பிடித்து ஊதினாள். "சுடுதும்மா, சுடுது" என்று அத்தை திரும்பத் திரும்பச் சொன்னாள். இரண்டு பேரும் அழுதார்கள், உடனே சிரித்தார்கள். ஒரு விளக்கு உடைந்ததற்கா இவ்வளவு என்று நான் உடைந்த ஓடுகளைப் பொறுக்கினேன்.

மாத்திரை கொடுத்து அத்தையைக் கெடுத்துவிட்டார்கள் என்று எனக்குக் கோபம்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். "இந்த வருஷமும் உங்க அத்த வெறுங்கையாலதான் எடுத்துச்சா?"

ஆமாம் என்றேன். சுட்டது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.