ஒற்றைப் பை

இராமேஸ்வரம் கடற்கரையில் யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது அவர்கள் பையின் மேல்தான்.

கடலில் முங்கி எழுந்தவர்கள் ஈரத்துணியோடு கோயிலுக்குள் போய் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுவார்கள். வழுக்கும் தரை, நெரிசல். நடக்க முடியாத பெரியவர்களை, "இங்கனயே உக்காந்திருங்க, வந்துடுறோம்" என்று கரையில் விட்டுவிட்டுப் போவார்கள். குடும்பத்துப் பைகள் எல்லாம் அவர்கள் காலடியில் கிடந்தால் எனக்குக் கவலை இல்லை. அவர்களுடைய பை மட்டும் தனியாக இருந்தால் அங்கிருந்து நகர மாட்டேன். அப்படி விட்டுப் போகப்பட்டவர்களுக்காகத்தான் தங்கச்சிமடத்தில் பன்னிரண்டு கட்டில் போட்டு ஒரு விடுதி நடத்துகிறேன். கிராம நர்ஸாக இருந்தபோது ஆரம்பித்தது, முப்பது வருஷம் ஓடிவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது சந்தேகப்படத்தான். "நீ போலீசுக்குப் போயிருக்கணும்" என்பார் என் கணவர். கேலிதான் என்று தெரிந்தும் எனக்குக் கோபம் வரும்.

போன தை அமாவாசைக் கூட்டம் வடிந்த பிறகு, ஒருநாள் காலையில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். எழுபத்தைந்து வயதிருக்கும். சேலை நனையவில்லை. மடியில் ஒரே ஒரு பை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மகன் தீர்த்தமாடப் போயிருக்கிறான் என்றார். சிவகங்கைப் பக்கம் ஊர், இரண்டு நாள் பயணமாம்.

"காலை மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டேன். நான் எப்போதும் கேட்கிற கேள்விதான். அவர் பையைத் திறந்து காட்டினார். இரண்டு நாள் பயணத்துக்கு வந்தவரிடம் ஒரு மாதத்து மாத்திரை இருந்தது. நான்கு சேலைகள், கம்பளி, ஆதார் அட்டை. எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. படுபாவி, திட்டம் போட்டுத்தான் கூட்டி வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

ஆனால் அவன் வந்தான். சொட்டச் சொட்ட நனைந்து, வெறுங்காலோடு கூட்டத்துக்குள் ஓடி வந்தான். வந்தவனை நான் உட்காரக்கூட விடவில்லை.

"ஒங்க பையெல்லாம் எங்க தம்பி?"

"லாட்ஜுல இருக்கு. ஏன்?"

"ரெண்டு நாளைக்கு வந்தவுகளுக்கு எதுக்கு ஒரு மாச மாத்திரை? யாருகிட்ட விட்டுட்டுப் போகப் பாக்குறீக?"

சுற்றிலும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது. "பையக் கட்டுனதே அம்மாதான். நீங்க யாரு என்னையக் கேக்க?" என்று குரலை உயர்த்தினான்.

"ஏலே, அந்தம்மாவ வையாத. போயி ஆட்டோ கூட்டிட்டு வா" என்றார் அந்த அம்மா.

அவன் முனகிக்கொண்டே போனதும் என் கையைப் பிடித்தார்.

"இங்கன தனியா உக்காந்திருந்தா ஒரு அம்மா வந்து பேசும்னு பக்கத்து வீட்டுல சொன்னாக. அதான் பையத் தூக்கிட்டு வந்து உக்காந்தேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஒங்க எடத்துல கட்டில் இருக்கா, தாயி?"

மருமகள் கொடுமையா என்று கேட்டேன். தங்கமான பிள்ளை என்றார். நான் நம்பவில்லை. துருவித் துருவிக் கேட்டேன். போன வருஷம் அவர் குளியலறையில் விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து, மருமகள் டீச்சர் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கிறாளாம்.

"ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குறா. அதான் தாங்க முடியல."

முப்பது வருஷமாகப் பிள்ளைகளைத்தான் வேவு பார்த்திருக்கிறேன். பெற்றவர் இப்படி ஒரு திட்டத்தோடு வருவார் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அந்த மகனைப் பத்துப் பேர் முன்னால் நிறுத்திக் கேட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது. அன்று விடுதியில் இரண்டு கட்டில்கள் காலியாகத்தான் இருந்தன. வேண்டும் என்று கேட்டவருக்கு நான் அதுவரை இல்லை என்று சொன்னதே கிடையாது.

"எடம் இல்லம்மா" என்றேன். "எல்லாக் கட்டில்லயும் ஆள் இருக்கு."

அவர் பையை மூடினார். அவர்கள் ஆட்டோவில் ஏறும்போது மகனிடம் மன்னிப்புக் கேட்டு அவன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

செய்தது சரிதானா என்று அன்றிலிருந்து என் மீதே சந்தேகம். மாதம் ஒருமுறை போன் செய்கிறேன். "நல்லா இருக்காங்கம்மா" என்பான். அவன் சொல்வதோடு எனக்கு மனசு ஆறாது, அம்மாவிடம் கொடுக்கச் சொல்வேன். போனை வாங்கியதும் அவர், "ஏலே, குடிக்கத் தண்ணி கொண்டா" என்று மகனை அனுப்புவார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

"கட்டில் ஏதும் காலியாச்சா, தாயி?"