சேதுலட்சுமியின் அவசரத் தீர்ப்புகள்

“அவன் மேலதான் தப்பு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் சேதுலட்சுமி கேள்வியின் மூன்றாவது வரிக்கே போவாள். மூன்றாவது வரியில் அந்த ‘அவன்’ நல்லவன் என்று தெரியவந்தால் கொஞ்சம் வருத்தப்படுவாள். ஆனால் தீர்ப்பை மாற்ற மாட்டாள். “இப்ப நல்லவனா இருந்து என்ன செய்ய? முதல்லயே சொல்லியிருக்கணும்ல?” என்று கேள்வித்தாளையே கோபித்துக்கொள்வாள்.

சாயல்குடிக்கு வடக்கே, கரிசல் காட்டுக்குள் இருக்கிறது அவள் ஊர். காலையில் நாலு குடம் வைக்கிற தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஊற்றுக்குப் போகும்போது, குடங்களுக்கு நடுவே கைபேசியையும் செருகியிருப்பாள். அதில் யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் நாட்டு நடப்பு வாசித்துக்கொண்டு வருவார். அவர் ஒரு செய்தியை முடிப்பதற்குள் இவள் மறுப்புச் சொல்லத் தொடங்கிவிடுவாள். எதிரே வருகிறவர்கள், யாருடனோ போனில் மல்லுக்கட்டுகிறாள் போலிருக்கிறது என்று ஒதுங்கி வழிவிடுவார்கள்.

வயது பத்தொன்பது. ஊரில் எந்தச் சண்டை நடந்தாலும் கூட்டத்தின் முன்வரிசையில் நின்று வளர்ந்த பெண். சட்டம் படிப்பது என்று எட்டாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டாள். அதிலும் திருச்சியில் இருக்கிற சட்டப் பல்கலைக்கழகம்தான் வேண்டும். அதற்கு ‘கிளாட்’ என்கிற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தேர்வு முழுக்க ஆங்கிலம். தமிழ் வழியில் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறியிருப்பாள் என்று நீங்கள் நினைத்தால் ஏமாந்து போவீர்கள். ஆங்கிலத்தை அவள் ஒரே வருடத்தில் மடக்கிப் போட்டுவிட்டாள். அவளைக் கவிழ்த்தது வேறு.

அந்தத் தேர்வில் ஒரு பகுதி உண்டு. மேலே ஒரு சட்ட விதியைக் கொடுத்திருப்பார்கள். கீழே ஒரு கதை. அந்த விதியை மட்டும் வைத்துக்கொண்டு, கதையில் வருகிறவர்களில் யார் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். நம் சொந்த நியாயத்துக்கு அங்கே வேலையில்லை. தப்பான விடைக்கு மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். தெரியாததை விட்டுவிடு என்று எல்லோரும் சொல்லித்தான் அனுப்பினார்கள். தனக்குத் தெரியாத நியாயம் என்று ஒன்று இருப்பதாகவே சேதுலட்சுமிக்குத் தோன்றவில்லை. அத்தனை கேள்விக்கும் விடை போட்டுவிட்டு வந்தாள். சென்ற வருடத் தேர்வு அதோடு போயிற்று.

கதையில் வருகிறவர்கள் அவளுக்கு வெறும் பெயர்கள் இல்லை. அடுத்த வீட்டு மதில் சரிந்து காரைப் பறிகொடுத்த ஒருவருக்காக இரண்டு நாள் மனசு கேட்காமல் கிடந்தாள். “அந்தாளு ஆபீசுக்கு இனி எப்படிப் போவாரு?” என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். எந்த ஆள் என்று விசாரித்த அப்பா மலையாண்டி, அப்படி ஒருவர் கிடையாது, தேர்வுக் கேள்விக்காக எழுதியது என்று தெரிந்ததும் அடுத்த கவளத்தை எடுத்தார்.

மலையாண்டி மிளகாய் போடுகிற விவசாயி. மகள் முதல் தடவை தோற்று வந்தபோது அவர் சொன்னது கொஞ்சம்தான். “இன்னொரு வருசம் பாரு தாயி. அதுலயும் வாய்க்கலேன்னா மாமா சொல்றதக் கேளு.” மாமா என்பது மதுரையில் மருந்துக்கடை வைத்திருக்கும் தாய்மாமன் குருநாதன். நல்ல மனிதர். அக்காள் மகளுக்கு நர்சிங் படிப்பில் ஓர் இடத்துக்குச் சொல்லிவைத்துவிட்டார். இவளோ வீட்டில் கோழி அறுக்கிற நாளில் தெருக்கோடி வரைக்கும் ஓடிப்போய் நிற்கிறவள். தடுப்பூசிக்கு வரிசையில் நின்று, முன்னால் நின்றவளுக்கு ஊசி போடுவதைப் பார்த்தே மயங்கி விழுந்தவள். இரண்டாவது தடவையும் தவறினால் வாழ்நாள் முழுக்க வெள்ளை உடுப்பும் ரத்தமும்தான் என்ற நினைப்பு அவளை உறங்கவிடவில்லை.

சனி, ஞாயிறுகளில் ராமநாதபுரத்துக்குப் பேருந்து ஏறினாள். கேணிக்கரைப் பக்கம் ஒரு பெண் வக்கீல் தன் வீட்டு மாடியில் இந்தத் தேர்வுக்கு வகுப்பு எடுத்துவந்தார். பாதிப் பேர் உள்நாட்டு விவசாயக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். மீதிப் பேர் கடற்கரைப் பிள்ளைகள். மண்டபத்துக்குப் பக்கத்திலிருந்து வந்த சுஹா என்கிற மீன்பிடிக் குடும்பத்துப் பெண் முதல் நாளே சேதுலட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் ஓட்டைவாய்தான். இரண்டு பேரையும் பிரித்து உட்கார வைக்க வக்கீலம்மா எடுத்த முயற்சி எதுவும் பலிக்கவில்லை.

ஒருநாள் மாதிரித் தேர்வில் ஆட்டுக் கேள்வி வந்தது. அனுமதியில்லாமல் அடுத்தவர் நிலத்தில் கால்நடையை விட்டால், விட்டவரே சேதத்துக்குப் பொறுப்பு. இது விதி. முத்து என்கிறவர் தன் ஆட்டு மந்தையை, கேட்காமல் கொள்ளாமல், பக்கத்து நிலத்தில் ஓர் இரவு தங்கவைக்கிறார். இது கதை. யார் யாருக்கு என்ன தர வேண்டும்?

நிலத்துக்காரர்தான் முத்துவுக்குக் கூலி தர வேண்டும் என்று சேதுலட்சுமி அடித்துப் போட்டாள். நாலாவது விடை ஒன்று வேண்டுமே என்று வக்கீலம்மா சும்மா எழுதிவைத்த விடை அது. விழுந்தவள் அவள் மட்டும் இல்லை. உள்நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதையே போட்டிருந்தார்கள். கடற்கரைப் பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் சரியாகப் போட்டிருந்தார்கள்.

“எப்படிம்மா இது?” என்றார் வக்கீலம்மா.

“மேடம், ஆடு ராவுல நெலத்துல கெடந்தா அது கிடை. அந்தப் புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும்தான மறு வெள்ளாமை வெளையுது? மந்தை மேய்க்கிற கீதாரியக் கையப் புடிச்சுக் கூட்டியாந்து, சோறும் போட்டு, கூலியும் குடுத்து ஆட்டை அடைக்கச் சொல்லுவோம். இந்த ஆளு ஓசியில அடைச்சிருக்காரு. அவரு மேல கேசு போட்டா அது நியாயமா?”

உள்நாட்டுப் பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். வக்கீலம்மா தட்டி முடியும் வரைக்கும் பொறுத்தார். “கடைசி வரிய வாசி” என்றார்.

சேதுலட்சுமி வாசித்தாள். நிலத்தில் விதைப்பு முடிந்து, முளை விட்டிருந்தது என்று எழுதியிருந்தது. மேசைகள் அடங்கிப்போயின. விதைத்த நிலத்தில் ஆடு இறங்கினால் என்ன ஆகும் என்று அங்கே இருந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடு, நிலம், இரவு என்ற மூன்று சொற்களைப் பார்த்ததுமே அறுவடை முடிந்த சித்திரை மாதத்துக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் கேள்வியை வாசிக்கவில்லை.

சுஹா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு மறுவாரம் வரைக்கும்தான். மறுவாரம் படகுக் கேள்வி வந்தது. ஆபத்து இருக்கிற வரைக்கும்தான் அடுத்தவர் இடத்தில் ஒதுங்கலாம் என்பது விதி. சூறைக்காற்றுக்குப் பயந்த ஒருவர் இன்னொருவருக்குச் சொந்தமான படகுத்துறையில் தன் படகைக் கட்டுகிறார். “காத்து அடிக்கயில எவன் கரையா இருந்தா என்ன? கட்டத்தான் வேணும். மறிக்கிறவன் மனுசனா?” என்று பொங்கிவிட்டு சுஹா விடை போட்டாள். காற்று நின்று மூன்று நாள் கழித்தும் படகு அங்கேயே நின்றது என்று கடைசி வரியில் இருந்தது. “யா அல்லா!” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சேதுலட்சுமி சிரித்த சிரிப்பு கீழே தெருவுக்குக் கேட்டது.

அதன் பிறகு இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சாயங்காலமானால் ஒருத்தி போனில் கேள்வியை முழுக்க வாசிப்பாள். “முடிஞ்சது” என்று அவள் சொல்கிற வரைக்கும் மற்றவள் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் முதலிலிருந்து மறுபடியும் வாசிப்பு. சுஹா நாலைந்து நாளில் பழகிக்கொண்டாள். சேதுலட்சுமியால் முடியவில்லை. ஒரே கேள்வியை ஏழெட்டுத் தடவை வாசித்துச் சுஹாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

“எனக்கு ஏலலடி. வாய் தன்னால தொறக்குது” என்றாள் சேதுலட்சுமி.

“தண்ணிய ஊத்தி வச்சுக்க. எப்படித் தொறக்கும்னு பாப்போம்” என்றாள் சுஹா. எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் சேதுலட்சுமி அதையே பிடித்துக்கொண்டாள்.

ஊருக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அதனால் கண்மாய்க் கரைக் கல்லில் உட்கார்ந்து, வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்பியிருக்க, காதில் போனை வைத்திருக்கும் பெண்ணை ஊர் பார்க்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் கோபத்தில் விழுங்கிவிட்டுப் புரையேறிக் கிடந்தாள். ஒருநாள், மருமகளை வீட்டை விட்டு அனுப்புகிற ஒரு மாமியார் கதையில் வர, அத்தனை தண்ணீரையும் எதிரே வந்த அப்பாவின் வேட்டியில் கொப்பளித்துவிட்டாள். மலையாண்டி வேட்டியை உதறிக்கொண்டே, “வக்கீலுக்குப் படிக்கிறியா, குழாய் வேலைக்குப் படிக்கிறியாத்தா?” என்று கேட்டுவிட்டு நடந்தார். ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் அவளால் முழுக் கதையையும் தண்ணீரோடு கேட்டு முடிக்க முடிந்தது. கடைசி வரி வருவதற்குள் தன் தீர்ப்பு இரண்டு மூன்று தடவை மாறுவதைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தேர்வு மதுரையில். அப்பாவும் கூட வந்தார். தூறலில் நனைந்தபடி வரிசையில் நின்று உள்ளே போனாள். மற்ற பகுதிகளை முடித்துக்கொண்டு சட்டப் பகுதிக்கு வந்ததும், கொண்டுபோயிருந்த பாட்டிலைத் திறந்து வாய் நிறையத் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கண்காணிப்பாளர் கையெழுத்து வாங்க வந்து, பெயர் என்னம்மா என்று கேட்டார். அவள் கையால் நுழைவுச் சீட்டைக் காட்டினாள். உப்பிய கன்னத்தைப் பார்த்த அவர், “பல் வலியா?” என்றார். சேதுலட்சுமி தலையை ஆட்டினாள். பாவம், அவர் போகும்போது அந்தப் பக்கத்து மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனார்.

கதைகள் அவளைச் சும்மா விடவில்லை. வாடகை வீட்டில் கிழவர் ஒருவர், வேலை போன ஒரு காவலாளி, பார்வையில்லாத ஒரு பெண் என்று ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்து இழுத்தார்கள். கட்டைவிரலை வரி வரியாக நகர்த்திக்கொண்டு கடைசி வரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகே விடை போட்டாள். நிச்சயமில்லாத சில கேள்விகளை விட்டாள். அப்படி விடுகிறபோது உடம்பெல்லாம் கூசியது. வெளியே வந்தவளிடம் மலையாண்டி எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. “பசிக்குதா?” என்றார். அவள் மூன்று பரோட்டா சாப்பிட்டாள்.

முடிவு வந்த அன்று அப்பாவும் மகளும் மிளகாய்க் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். முடிவு வந்துவிட்டது என்று போனில் செய்தி வந்ததும் அவள் சேற்றுக் காலோடு கண்மாய்க் கரைக்கு ஓடினாள். திரையில் வந்த தன் ரேங்கை நம்பாமல் வக்கீலம்மாவுக்கு அனுப்பிவைத்தாள். “இந்த ரேங்குக்குத் திருச்சி கிடைச்சிரும். போய் நிம்மதியாத் தூங்கு” என்று உடனே கூப்பிட்டுச் சொன்னார் அவர். சுஹாவுக்கும் கிடைத்துவிடும் என்றார். சுஹா அழைத்து, “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டு விசும்ப ஆரம்பித்தாள். சேதுலட்சுமிக்கு அழுகை வரவில்லை. ஒரு வருடமாகத் தோளில் உட்கார்ந்திருந்த யாரோ இறங்கிப் போய்விட்டது மாதிரி இருந்தது. மூச்சு அத்தனை லேசாக வந்தது.

பின்னாலேயே கரைக்கு வந்த மலையாண்டிதான் மாமாவுக்குப் போன் போட்டார். கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மறுமுனையில் குருநாதன் பெரிதாகச் சிரித்தார். “நல்லதாப் போச்சு மச்சான். இவள நர்சா அனுப்புனா நோயாளிய இவ பாப்பா, மயங்கிக் கெடக்குற இவள யாரு பாக்குறது? எனக்கே கொஞ்ச நாளா அதுதான் ரோசனை.” அப்பாவும் மகளும் கரையிலேயே உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தார்கள். மலையாண்டி துண்டை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்க வேண்டியதற்கு மேலேயே துடைத்தார்.

அவர் காட்டுக்குத் திரும்பிப் போன கொஞ்ச நேரத்தில், கரையோடு ராமலெட்சுமி வந்தாள். பக்கத்துக் காட்டுக்காரி. கையில் பிடுங்கிய மிளகாய் நாற்று ஒரு பிடி இருந்தது. அதில் பாதிக்கு நுனியில்லை.

“ஏத்தா, வக்கீலுக்குப் பாஸாயிட்டியாமே? இதுக்கு ஒரு நாயஞ் சொல்லு. இந்த வேல்ராசு ஆட்டப் பத்திவிட்டு எம் புஞ்சைய மொட்டையாக்கிட்டான். அங்கன வந்து பாரு, ஒரு வரிசை மிச்சமில்ல. இவன என்ன செய்யலாம்?”

வேல்ராஜின் ஆடுகள் போன வருடம் மலையாண்டியின் மிளகாயையும் மேய்ந்தவைதான். சேதுலட்சுமிக்குக் காது மடல் சூடேறியது. “அவன...” என்று தொடங்கிவிட்டாள். கரையின் அந்தக் கோடியில் வேல்ராஜும் வந்துகொண்டிருந்தான். நொண்டுகிற ஒரு குட்டியைத் தோளில் போட்டு, என்னவோ சொல்லக் கையை ஆட்டிக்கொண்டே வந்தான்.

“சொல்லேன்த்தா” என்றாள் ராமலெட்சுமி.

சேதுலட்சுமி வாயை மூடிக்கொண்டாள். கல்லில் நகர்ந்து உட்கார்ந்து, வருகிறவனுக்கும் இடம் விட்டாள்.