தமிழில் மட்டும் எழுதிய விளம்பரம்

இரண்டாயிரத்து ஒன்பதில் பாரிஸுக்கு வந்து இறங்கியபோது என்னிடம் இல்லாதவற்றில் முதலாவது விலாசம். அகதி வழக்குப் போட விலாசம் வேண்டும். பதில் வர ஒரு தபால் பெட்டி வேண்டும், அதில் என் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எங்கள் ஆட்கள் விலாசம் கொடுப்பார்கள், சும்மா அல்ல. மாதத்துக்கு இவ்வளவு, கடிதம் வந்தால் அதற்கு வேறு. ஊரவன்தானே என்று நம்பி ஒருவரிடம் காசைக் கொடுத்தேன். இரண்டாம் மாதம் மனிதர் வீடு மாறிப் போய்விட்டார், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாசமாய்ப் போக என்று திட்டியதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நான் கோப்பை கழுவிய உணவகத்தில் காய்கறி வெட்டியவர், கரீபியனில் பிரான்சின் வசமுள்ள குவாதலூப் தீவைச் சேர்ந்த ஒரு கறுப்பினப் பெண். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அந்தச் சமையலறையில் நாலு தமிழர் இருந்ததால் 'தம்பி' என்ற சொல்லைப் பிடித்து வைத்திருந்தார். நான் அவரை அக்கா என்றேன். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சட்டி தேய்ப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டார். கையாலும் காலாலும் விளங்கப்படுத்தினேன். அடுத்த வாரம், அவர் குடியிருந்த மார்க்ஸ் டோர்மோயில் அவருடைய தபால் பெட்டியில், அவர் பெயருக்குக் கீழே என் பெயர் இருந்தது. என் நீட்டுப் பெயர் அடங்காமல் இரண்டு வரியாக எழுதியிருந்தார். வழக்குப் படிவங்களையும் அவரே நிரப்பினார். காசை நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார்.

மூன்று வருடம் என் கடிதங்கள் அந்தப் பெட்டிக்கே வந்தன. வழக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட கடிதத்தையும் அவர்தான் வேலைக்குக் கொண்டுவந்தார். கையைத் துடைத்துவிட்டுப் பிரி என்றார். எனக்குத் துடைக்கிற பொறுமை இல்லை, கடிதம் நனைந்து போயிற்று.

அவருடைய ஆட்கள் பல தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடிமக்கள். ஆனால் மெட்ரோ வாசலில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏறினால், பொலிஸ் அவரிடம்தான் அடையாள அட்டை கேட்கும். கையில் ஒரு நனைந்த கடதாசியோடு நிற்கிற என்னைப் போ என்றுவிடும். எனக்கு முதலில் அதில் ஒரு அற்ப சந்தோஷம்கூட இருந்தது. இப்போது நினைத்தால் என் முகத்தில் நானே துப்பவேண்டும் போல் இருக்கிறது.

வீட்டில் ஒரு கோப்பு வைத்திருந்தார். தன் முப்பாட்டனுக்கும் முந்திய ஒருவரின் பெயர் உள்ள பதிவேட்டுப் பக்கம் அதில் இருந்தது. கரும்புத் தோட்டத்து அடிமை. அடிமை முறையை ஒழித்தபோது பிரான்ஸ் நட்ட ஈடு கொடுத்ததாம், அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்த எசமான்களுக்கு. நான் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அடித்தவனுக்கே மருந்துச் செலவு. அதற்கும் பிறகு, தாதி வேலை பழக்குகிறோம் என்று சொல்லி அவருடைய தாயை அரசாங்கம் பாரிஸுக்குக் கூட்டிவந்து, பணக்கார வீடுகளில் வேலைக்காரியாக விட்டது. அதற்கான கடிதங்களும் கோப்பில் இருந்தன.

தன்னைப் போன்ற சிலரோடு சேர்ந்து, நட்ட ஈடு கேட்டு அரசாங்கத்தின் மீது வழக்குப் போட்டார். தீர்ப்பு நாளில் நானும் கூடப் போனேன். அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. கொடுமை செய்தவர்களும் இல்லை, அனுபவித்தவர்களும் இல்லை, காலம் கடந்துவிட்டது, உங்களுக்கு நேரடியாக ஒரு நட்டமும் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் அழவில்லை. மத்தியானம் வேலை இருக்கிறது, வா என்றார்.

சில வருடங்களில் அவருடைய கட்டிடத்தின் சொந்தக்காரன், குடியிருந்த எல்லாரையும் எழுப்பிவிட்டு அதை விற்க முடிவு செய்தான். அக்கா வீட்டில் அவர், மகள், மகளின் இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை, சம்பளச் சிட்டைகள் ஒழுங்காக இருந்தன. இருந்தென்ன, தொலைபேசியில் கேட்டால் வீடு இருக்கும், வாசலில் போய் நின்றால் கொடுத்தாகிவிட்டிருக்கும். ஒவ்வொரு கிழமையும் ஒரு வீடு இப்படிப் போயிற்று.

அந்த நேரத்தில்தான் நான் பாரிஸுக்கு வெளியே பொண்டியில் இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கி வாடகைக்கு விட இருந்தேன்.

வீடு கொடுக்க எங்கள் ஆட்களுக்கு ஒரு வழி இருக்கிறது. லா சப்பலில் ரூ காய் என்ற தெருவில் கடைச் சுவரில் ஒரு துண்டு ஒட்டினால் போதும், தமிழில் மட்டும். யாருக்கு இல்லை என்று எழுதத் தேவையில்லை. வாசிக்கத் தெரியாதவன் வரமாட்டான், யாரையும் வேண்டாம் என்று சொன்ன பாவமும் இல்லை. என் துண்டை எழுதும்போது அக்கா நினைவுக்கு வராமல் இல்லை. மனைவியிடம் சொல்லியும் பார்த்தேன்.

"கறுவலுக்குக் குடுத்தால் பிறகு எழுப்பேலாது. பக்கத்து வீட்டுச் சனமும் எங்களைத்தான் பேசும்" என்றாள். அவள் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பப் பார்க்கவில்லை. அவள் அப்படிச் சொல்லுவாள் என்று தெரிந்துதான் கேட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா வாழைக்காயும் மரவள்ளிக்கிழங்கும் வாங்க ரூ காய்க்கு வந்தார். கடை வாசலில் என்னைக் கண்டதும் அவருக்குச் சந்தோஷம். கட்டிடத்தைவிட்டு வெளியேற ஒரு மாதம்தான் இருக்கிறது என்றார். பிறகு சுவரைக் காட்டி, இதில் வீடு ஏதும் இருக்கிறதா, வாசித்துச் சொல் என்றார்.

வாசித்தேன். முதலாவது, சாமத்தியவீட்டுச் சடங்குக்கு மண்டபம். இரண்டாவது, கொழும்புக்குப் பொதி அனுப்புகிறவர்கள். மூன்றாவது என்னுடையது. பாட்டு வகுப்பு என்றேன். நாக்குக் குளறவே இல்லை.

அக்கா பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. கீழே இருந்த தொலைபேசி இலக்கத்துக்குத் தமிழ் தேவையில்லை. நான் பாரிஸுக்கு வந்த புதிதில் வாங்கிய அதே இலக்கம். வேறு ஆட்களுக்கு விளங்காமல் எழுதிய கெட்டிக்காரன் நான், அதை யோசிக்கவில்லை.

அவர் பேசியது பிரெஞ்சில், என் மனதில் அது எங்கள் பேச்சிலேயே கிடக்கிறது.

"இந்த நம்பரை உன்ரை படிவங்களிலை நான்தான் எழுதினனான். எத்தினை அறை?"

"ரெண்டு" என்றேன்.

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வாங்க வந்த மரவள்ளிக்கிழங்கு கடை வாசலிலேயே கிடந்தது.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று சொல்வார்களே, அன்று இரவு முழுக்க அந்தச் சொல்தான். காலையில் பொண்டி வீட்டுச் சாவியை எடுத்தேன். மனைவி வாய் திறக்க முன், அவ இல்லாட்டி இண்டைக்கு இஞ்சை நானுமில்லை நீயுமில்லை என்று கத்திவிட்டு மார்க்ஸ் டோர்மோய்க்குப் போனேன்.

அக்கா கதவைத் திறந்தார், இரு என்று சொல்லவில்லை. வீடு முழுக்கப் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. மேசையில் சாவியை வைத்து, இண்டைக்கே வாங்கோ என்றேன். அவர் அதைத் தொடவில்லை. உள்ளே போய் ஒரு தாளும் பேனையும் கொண்டுவந்து வைத்தார்.

"சாவி பிறகு. கறுப்பி எண்டதாலை வீட்டை எனக்கு ஒளிச்சனான் எண்டு எழுதிக் கையெழுத்து வை."

ஆருக்கு அக்கா காட்டப் போறியள் என்று கேட்டேன். என் வாயில் வந்த முதல் கேள்வி அதுதான்.

"ஒருத்தருக்கும் இல்லை. என்ரை கோப்பிலை வைக்க. செய்தவனும் செத்தான், பட்டவனும் செத்தான் எண்டு கோட்டிலை சொல்லிச்சினம். நீ உயிரோடை நிக்கிறாய், தம்பி. நானும் உயிரோடை நிக்கிறன்."

பேனையை எடுத்தேன். திகதி எழுதினேன். என் குடியுரிமை விண்ணப்பம் அப்போது பிரிபெக்சர் அலுவலகத்தில் கிடந்தது. நிறம் பார்த்து வீடு மறுத்தால் இங்கே குற்றம். யாராவது கண்டால் என்ன ஆகும், அந்தக் கோப்பை ஒரு நாள் வழக்கறிஞர் யாராவது பார்க்கமாட்டாரா. திகதிக்குக் கீழே நான் ஒன்றும் எழுதவில்லை. அக்கா, சாவியை எடுங்கோவன் என்று கெஞ்சினேன். வாடகை பாதி போதும் என்றேன். அவர் வெகுநேரம் காத்திருந்தார், உண்மையாகவே காத்திருந்தார். பிறகு என் கையிலிருந்த பேனையை வாங்கி மூடினார். சாவியை என் சட்டைப் பைக்குள் போட்டார்.

"போ, தம்பி."

மாதம் முடிய அவர்களை நகரசபை ஒரு ஹோட்டல் அறையில் போட்டது, நாலு பேருக்கு ஒரு அறை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக இரண்டு பஸ் மாறவேண்டியிருந்தது. பிறகு வேறு ஹோட்டல், அதற்குப் பிறகு எங்கே என்று கேட்டறிய எனக்கு முகம் இல்லை. அவருடைய தொலைபேசி இலக்கம் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

எனக்குக் குடியுரிமை கிடைத்தது. பொண்டி வீட்டில் எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று இருக்கிறது, நல்ல சனம். அந்தத் தாளில் எழுதியிருக்க வேண்டியதை இன்றைக்குத்தான் முழுதாக எழுதியிருக்கிறேன். இதையும் தமிழில்தான் எழுதியிருக்கிறேன்.