மூக்கு போன மூன்று நாட்கள்

என் மூக்கின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அழகான மூக்கு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, சொல்ல வாய்ப்பும் இல்லை. ஆனால் விவரமான மூக்கு. பெங்களூரில், பீன்யா தொழிற்பேட்டையில் ப்ளேட்டிங் பட்டறையில் வேலை எனக்கு. இரும்புச் சாமான்களை ஆசிட் தொட்டியில் முக்கி, கழுவி, முலாம் பூசி அனுப்புவோம். காலையில் உள்ளே கால் வைத்ததுமே, தொட்டி ஆசிட் ஓய்ந்துவிட்டதா, இன்னும் ஒரு நாள் தாங்குமா என்று முகர்ந்தே சொல்லிவிடுவேன். மத்தியானம் வருகிற லேப் ரிப்போர்ட்டும் அதையே சொல்லும். சொல்லாத நாட்களில் ரிப்போர்ட் தப்பு என்று முடிவு செய்துகொள்வோம்.

வீடு பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி, இரண்டாவது மாடியில். காலையில் கதவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தால் போதும், எந்தக் கம்பெனி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். சுட்ட மண் வாசனை என்றால் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரி. கசப்பு என்றால் பெயின்ட் அடிக்கிற இடம். தொண்டையில் ஊசி மாதிரி இறங்கினால் அது நாங்கள். இதையெல்லாம் தினமும் மனைவியிடம் சொல்வேன். அவள் கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு, “நியூஸ் முடிஞ்சுதா? பால் வாங்கிட்டு வாங்க” என்பாள்.

அப்புறம் உலகத்துக்கே அந்த நோய் வந்தது. எல்லாவற்றையும் மூடினார்கள். பட்டறை ஷட்டரில் பூட்டுத் தொங்கியது. நான் லுங்கியோடு வீட்டில் உட்கார்ந்தேன். இயற்கை தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்று டிவியில் உருக்கமாகச் சொன்னார்கள். நான் சிரித்தேன். பீன்யாவில் சரிசெய்துகொள்ள இயற்கை என்று எது இருந்தது?

ஆனால் ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போன மனைவி என்னைக் கூப்பிட்டாள். தும்கூர் ரோடு போகிற திசையில், வானத்தின் ஓரத்தில், நீலமாக ஒரு மலை நின்றது.

“இத எப்போ கொண்டாந்து வெச்சாங்க?” என்றாள்.

பதினொரு வருடமாக அதே மாடியில்தான் துணி காயப்போடுகிறோம். மலை அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. பின்பக்கத்து ராஜகால்வாயும் மாறியிருந்தது. தினம் ஒரு நிறத்தில் ஓடிய சாக்கடை அது. இப்போது நிறமே இல்லாமல் ஓடியது. அதில் ஒரு கொக்கு வந்து நின்றது. அந்தக் கொக்குக்குப் புத்தி சரியில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒரு சாயங்காலம் நல்ல மழை பெய்தது. மறுநாள் காலை வழக்கம்போலக் கதவைத் திறந்து மூச்சு இழுத்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை இழுத்தேன். ஃபவுண்டரி இல்லை, பெயின்ட் இல்லை, பூட்டிய பட்டறைகளிலிருந்து இத்தனை நாள் லேசாகக் கசிந்துகொண்டிருந்த ஆசிட்டும் இல்லை. என் மூக்குக்கு முன்னால் உலகம் காலியாக இருந்தது.

முந்தின நாள்தான் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது: வாசனை தெரியாமல் போனால் அதுதான் நோயின் முதல் அறிகுறி.

எனக்குப் பயம் வந்தது. ஆம்புலன்ஸ் வரும், தெருவை மறித்துத் தகரம் அடிப்பார்கள், ஒன்பது வயது மகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று வரிசையாக எல்லாம் கண்ணுக்குள் ஓடியது. பிழைத்து வந்தாலும் மூக்கு இல்லாத என்னைப் பட்டறையில் எவன் வைத்துக்கொள்வான்? பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு, மொட்டை மாடியில் தண்ணீர் டாங்க்குக்குக் கீழே இருக்கும் சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மனைவி கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். “காய்ச்சல் இருக்கா?”

“இல்ல.”

“இருமல்?”

“இல்ல. மூக்கு போயிடுச்சு.”

“மூக்கு போயிடுச்சா, ஜலதோஷமா? சும்மா பயப்படுறீங்க.”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். மாஸ்க், அதற்கு மேல் கர்சீப், அதற்கு மேல் இன்னொரு கர்சீப். இரண்டு நாள் அப்படியே கிடந்தேன். சாப்பாடு வாசலுக்கு வரும். கர்சீப்பை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அழுகையோடு அழுகையாக அவசரமாக விழுங்கிவிட்டு மறுபடி இழுத்துக்கொள்வேன். சாம்பாருக்கு வாசனை உண்டா என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. மூக்கு என்பது கம்பெனி விஷயம், வீட்டுக்கு எதற்கு என்று பழகியிருந்தேன் போல.

மூன்றாம் நாள் மகள் வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். கையில் நோட்டும் பென்சிலும், மூடி வைத்த ஒரு தட்டும்.

“அப்பா, அம்மா பரீட்சை வைக்கச் சொன்னாங்க. மாஸ்க்க கழட்டு. கண்ண மூடிக்கோ. மோந்து சொன்னா மார்க்.”

வாசலில் தட்டு வைத்துவிட்டு அவள் தள்ளிப் போனதும், கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன். முதலாவது பெருங்காயம். இரண்டாவது எலுமிச்சை இலை. மூன்றாவது என்னுடைய பழைய சாக்ஸ், அதில் சந்தேகமே இல்லை. நான்காவது லேசாக, தித்திப்பாக, பச்சையாக இருந்தது. எவ்வளவு இழுத்தும் பெயர் வரவில்லை. தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

“தெரியலடி.”

“புங்கம்பூப்பா. கேட்டுக்கு வெளிய இருக்கே, அந்த மரம்.”

அந்த மரத்தடியில்தான் பதினொரு வருடமாக என் பைக்கை நிறுத்துகிறேன். சீட்டில் உதிர்ந்த பூவைத் திட்டிக்கொண்டே தட்டிவிட்டிருக்கிறேன். அதற்கு வாசனை உண்டு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மனைவி மேலே வந்து பாயைச் சுருட்டினாள். “மூக்கு நல்லாத்தான் இருக்கு. உங்க ஆசிட்தான் லீவுல போயிருக்கு. ஊரே நல்ல காத்து வருதுன்னு சந்தோஷப்படுது, நீங்க ஒருத்தர்தான் நல்ல காத்து வந்ததுக்குப் படுத்துட்டீங்க.”

இந்தக் கதையைக் கீழ்வீட்டு ஓனரம்மாவுக்குக் கன்னடத்தில் ஒருமுறை, ஊரிலிருக்கும் தன் அக்காவுக்குப் போனில் இரண்டு முறை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் என் முகத்தில் ஒரு கர்சீப் கூடியது.

மிச்ச நாட்களில் நான் வேறு வேலையே பார்க்கவில்லை. முகர்ந்துகொண்டு திரிந்தேன். மழைக்கு முன்னால் காற்றுக்கு ஒரு வாசனை, பின்னால் ஒன்று. கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தால் ஒன்று. மகள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காரும்போது ஒன்று. அதை, அவள் பிறந்த குழந்தையாக இருந்தபோது ஒருமுறை அறிந்ததோடு சரி. சந்தோஷமாக இருந்தேன். வேலையில்லாமல் சந்தோஷமாக இருப்பது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பட்டறை திறந்தது. சம்பளம் வரும், அதிலும் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். முதல் நாள் தொட்டிக்குப் பக்கத்தில் போனவன் கண்ணில் தண்ணீர் வழிய வெளியே ஓடிவந்தேன். என்னோடு வேலை பார்க்கும் ஓசூர்க்காரர் சிரித்தார்.

“என்ன குரு, நேத்து சேர்ந்தவன் மாதிரி ஓடுற? பத்து நாள்ல சரியாயிடும்.”

சொன்னபடியே சரியாகிவிட்டது. மலை முதலில் மங்கியது, பிறகு காணாமல் போனது. கால்வாய் ஒருநாள் மஞ்சளாகவும் மறுநாள் பச்சையாகவும் ஓடியது. கொக்கு போய்விட்டது. எனக்குத் தும்மல் நின்றது, கண்ணீர் நின்றது. தொட்டியை முகர்ந்து, இன்னும் ஒரு நாள் தாங்கும் என்று பழையபடி சொல்ல ஆரம்பித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மனைவி மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். சற்று நேரத்தில் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். பால் பொங்கி, வற்றி, பாத்திரத்தின் அடி கரியாகியிருந்தது. என் முதுகுக்கு இரண்டு முழம் தள்ளித்தான் அடுப்பு.

“மாடி வரைக்கும் கருகல் வாடை வருது. இங்கயேதானே உக்காந்திருக்கீங்க?”

“போன் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்” என்றேன்.

போன் உள்ளறையில் சார்ஜில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பூண்டைப் பார்த்தாள். நான் அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, மீதிப் பூண்டை உரிக்க ஆரம்பித்தாள். இதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.